தொட்டிலில் கிடந்தவன் பேரில் ஓர் ஓடம்

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்று, என் கணவருக்குத் தண்ணீரில் கண்டம் இருக்கிறது என்பதை நான் நம்பினேனா, இல்லையா?

இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. நம்பினேன் என்றால், அவருக்கு ஆகாது என்று விலக்கிய ஓடத்தைப் பெற்ற பிள்ளையின் பேரில் எழுத எப்படிச் சம்மதித்தேன்? நம்பவில்லை என்றால், "இதென்ன பேச்சு, அவர் பேரிலேயே எழுதுங்கள்" என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? அடுப்படியில் நிற்கும்போதும், பையனுக்குத் தலை துவட்டும்போதும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. ஒரு நாள் ஒரு பக்கம் சரி என்று தோன்றுகிறது. மறுநாள் மறுபக்கம்.

நான் பிறந்தது கொண்டப்பநாயக்கன்பட்டியில். மலைப்பாதை தொடங்குகிற இடம். அங்கே மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் வரும், மறுநாள் போய்விடும். கிணற்றைத் தவிர ஆழமான தண்ணீரை நான் பார்த்ததில்லை. சேலம் டவுனில் எட்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தார்கள். ஆறுகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். எங்கே பிறக்கிறது, எங்கே கடலில் சேர்கிறது என்று ஒப்பிப்பேன். கல்யாணமாகிக் காவிரிக் கரைக்கு வந்து, வீட்டுத் தோட்டத்தின் வரப்பில் நின்று அதை முதன்முதலாகப் பார்த்தபோது படித்தது ஒன்றும் உதவவில்லை. அவ்வளவு தண்ணீர் சத்தமில்லாமல் நகர்ந்து போவதைப் பார்த்து, வரப்பிலிருந்து இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். "பழகிப்போயிரும் அம்மிணி" என்றார் கணவர். எனக்குப் பழகவில்லை.

ஆற்றின் நடுவில் ஒரு மேட்டுத் திட்டு இருக்கிறது. அதில் எங்கள் வீட்டுக்கு வாழைத் தோட்டம் உண்டு. முன்பெல்லாம் கோடையில் மணலில் நடந்தே போய் வருவார்களாம். மேட்டூரில் அணை வந்த பிறகு, தண்ணீரைத் திறந்துவிட்டால் மாதக்கணக்கில் ஆறு வற்றுவதில்லை. பரிசலில் ஆள் போகலாம், வாழைத்தார் ஏற்றினால் வெட்டியதில் பாதிக்குமேல் கொள்ளாது. அதனால் மேற்கே இருந்த ஒருவர், குடும்பத்தோடு சேலத்துக்குக் குடிபோகிறவர், தம் மர ஓடத்தை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் எங்கள் வீட்டில் வாங்குவதென்று முடிவாயிற்று.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊருக்குச் சற்றுக் கீழே பொது ஓடத்துறை இருக்கிறது. அதைக் குத்தகை எடுத்தவர்தான் கூலி வாங்கி ஆள் ஏற்றலாம். அதற்குப் பக்கத்தில் சொந்த ஓடம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் தாலுகா கச்சேரியில் அனுமதி கேட்டு, யார் பேரில் ஓடம் என்று பதிந்து, முகப்பில் நம்பர் அடித்துக்கொள்ள வேண்டும். வருஷா வருஷம் அணை திறக்கும் முன் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். ஓடத்துக்கு ஏதாவது ஆனால், ஓடத்தால் யாருக்காவது ஏதாவது ஆனால், அந்தப் பேருக்குரியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

யார் பேரில் என்ற பேச்சு பத்திரம் எழுதுகிறவர் வந்து தாளை விரித்த பிறகுதான் எழுந்தது. அவர் என் கணவரைப் பார்த்தார். என் மாமியார் தூணோரம் நின்றபடியே சொன்னார்.

"அவம் பேரு ஆகாதுங்க. தண்ணியில கண்டம்னு சோசியர் சொல்லிப்போட்டாரு. தண்ணிக் காரியம் எதுலயும் கை நாட்ட மாட்டேன்னு எங்கையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கறான்."

"அப்ப உங்க பேருலயே எழுதிரலாமுங்களா?"

"தாலியறுத்தவ பேருல ஓடத்தை எறக்குனா அது கரை சேருமுங்களா?"

"மருமவ பேருல?"

"அவ கழுத்துல கெடக்கறது யாரு கட்டுன தாலி? அவ பேரும் அவம் பேரும் வேற வேறயா?"

எழுதுகிறவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "அப்பறம் காவேரி பேருலதான் எழுதோணும்" என்றார். கணவர் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. உள்ளே தொட்டிலைக் காட்டினார்.

"அவம் பேருல எழுதுங்க. அவனுக்கு இன்னும் சாதகமே எழுதல. கண்டமும் இல்ல, கிண்டமும் இல்ல."

அந்தப் பேச்சில் ஒரு கணக்கு இருந்தது. குழந்தைக்கு ஜாதகம் எழுதாதவரை எந்தக் கண்டமும் அவனைச் சேராது. அன்று அங்கிருந்த எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டதா? பையன் மைனர் என்பதால் கார்டியனாக நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் எழுதுகிறவர். தகப்பன் போடக்கூடாது என்பதால்தானே இவ்வளவும். "படிச்ச மருமவ வந்தது எதுக்கு ஆகுது பாருங்க" என்று மாமியார் பெருமையாகச் சொன்னார். அந்த வீட்டுக்கு வந்து நான் படித்ததற்கு அவர் வாயால் கேட்ட முதல் நல்ல சொல் அது. கையெழுத்தைக் கோணல் இல்லாமல் போட்டேன்.

மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் மாமனார் ஆற்றோடு போனவர். வெள்ளம் வந்த நாளில் பரிசலில் ஏறினார், திரும்பவில்லை. அவருக்கும் தண்ணீரில் கண்டம் என்று சொல்லியிருந்தார்களாம். யாரும் சட்டை செய்யவில்லையாம். அதற்குப் பிறகு ஒரு பெண்பிள்ளை என்னதான் செய்வாள்?

பத்திரம் முடிந்ததும் ஆற்றில் ஒரு சடங்கு உண்டு. தாளில் என்ன எழுதியிருந்தாலும் எங்கள் கரையில் ஓடம் கை மாறுவது அதில்தான். விற்கிறவர் காலைத் தண்ணீரில் வைத்து நின்று, கட்டுக் கயிற்றைத் தாமே அவிழ்த்து, வாங்குகிறவர் கையில் மனதாரக் கொடுக்க வேண்டும். விற்றவர் அப்படியே செய்தார். மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், கயிற்று நுனியை அவன் உள்ளங்கையில் வைத்தார். கைக்குழந்தைகள் எதை வைத்தாலும் பிடித்துக்கொள்ளுமே, அதுபோல இறுகப் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

"சொந்தக்காரரு கெட்டியாப் புடிச்சுக்கிட்டாருங்கோ" என்று கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பையன் நடக்கத் தொடங்கியபிறகுதான் அந்தச் சிரிப்பு எனக்குக் கசந்தது. தோட்டத்துக்கு வருகிறவர், போகிறவர் எல்லோருக்கும் அவன் 'ஓடத்துக்காரர்' ஆகிவிட்டான். "ஓடத்துக்காரரே, எங்களையும் அக்கரையில கொண்டு உடுங்க சாமி" என்பார்கள். "துறைக் குத்தகைக்காரரு உங்களைக் கண்டா நடுங்கறாருங்க" என்பார்கள். விளையாட்டுக்குத்தான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு எது விளையாட்டு, எது உண்மை? அவனுக்கு ஓடம் அவனுடையது. வீட்டில் மற்ற எதையும் அவன் என்னுடையது என்று சொன்னதில்லை. சொக்காயைக்கூடச் சொன்னதில்லை. ஓடத்தை மட்டும் "என்ற ஓடம்" என்பான்.

ஒரு நாள் மத்தியானம் நெல்லைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பினேன், பையனைக் காணோம். மாட்டுக்கொட்டகையில் இல்லை, கிணற்றடியில் இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த அந்தக் கணத்தை எழுத வேண்டாம். ஆற்றுப் பக்கம் ஓடினேன். ஓடத்துக்குள் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஓடம் கயிற்றின் நீளத்துக்கு விலகிப் போய், கயிறு விறைத்து நின்றது. அவன் பயப்படவே இல்லை.

"வா, ஏறிக்க" என்றான் என்னிடம்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்து, அவனைத் தூக்கினேன். அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஈரப் புடவையோடு உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். கண்டம் உண்டோ இல்லையோ, பேர் உண்டு. பேர்தான் இவனைத் தண்ணீருக்கு இழுக்கிறது. கணவரை விலக்கிவைக்கப் போய், இவனை அந்த இடத்தில் கொண்டு நிறுத்திவிட்டோம். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். ஓடம் என் பிள்ளை பேரிலிருந்து போக வேண்டும். அதற்கு வேலி போட்டால் ஆகாதா, காவல் வைத்தால் ஆகாதா என்று கேட்டார்கள். எத்தனை நாள் காவல் வைப்பது?

கணவரிடம் சொன்னேன். விற்றுவிடலாம் என்று உடனே ஒப்புக்கொண்டார். அவர் எதற்கும் உடனே ஒப்புக்கொள்வார். "திட்டுல வாழைக்குப் பதிலா வேற ஏதாச்சும் வெச்சுக்கலாம், இல்ல குத்தகைக்கு உட்டரலாம்" என்றார். மாமியாரும் மறுக்கவில்லை. பேரன் ஓடத்தில் உட்கார்ந்திருந்த கதை அவரையும் உலுக்கியிருந்தது. மோகனூரில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அவரை இங்கே மோகனூர்க்காரர் என்றே சொல்கிறேன். எல்லாம் எளிதாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஓடம் வாங்கும்போது ஒரு பொழுதில் முடிந்த காரியம்தானே.

தாலுகா கச்சேரிக்குப் பையனைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். கணவர் வண்டியோட்டி வந்தார். உள்ளே வரவில்லை. 'தண்ணிக் காரியம்' என்பதால் மாமியார் புறப்படும்போதே அவரிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். என் கையெழுத்தை ஒன்றும் கேட்காமல் ஓடத்தைப் பதிந்த பழைய குமாஸ்தா மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் காகிதக் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஓடத்துச் சொந்தக்காரர் வரலையாம்மா?"

"வந்திருக்காருங்க."

"கூப்பிடுங்க."

நான் பையனை மேசைமேல் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன்.

குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன் தம்பி, ஓடம் உன்னுதா?"

"ஆமாங்க" என்றான் பையன், வெகு மரியாதையாக.

பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். "சார், சொந்தக்காரர் நிக்கறார், ஒரு நாற்காலி போடுங்க" என்றார் ஒருவர். எனக்கு முகம் எரிந்தது. நான் கார்டியன் என்றும், முதல் பத்திரத்தில் என் கையெழுத்துத்தான் இருக்கிறது என்றும் சொன்னேன்.

"தகப்பனார் இல்லையா?"

"இருக்காருங்க."

"எங்கே?"

"வெளியில வண்டியில உக்காந்திருக்காருங்க."

"உசிரோட வெளியில உட்கார்ந்திருக்கற தகப்பனை விட்டுட்டு உங்களை யாரும்மா கார்டியன் ஆக்கினது?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். "அவருக்குத் தண்ணியில கண்டமுங்க."

"இந்தக் கச்சேரியில குடிக்கவே தண்ணி இல்லையேம்மா. பயப்படாம வரச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வெளியே வந்து வண்டியில் ஏறினேன். "என்னாச்சு?" என்றார் கணவர். "நீங்க வந்து கையெழுத்துப் போடோணுமாம்" என்றேன். அவர் மாட்டுக் கயிற்றைச் சரிசெய்தார். ரொம்ப நேரம் சரிசெய்தார். பிறகு, "அம்மா கையில அடிச்சுக் குடுத்துப்போட்டேனே அம்மிணி" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் பையன் மட்டும்தான் பேசினான். கச்சேரியில் தனக்கு நாற்காலி போடச் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அடுத்த தடவை போனபோது அதே குமாஸ்தா வேறு ஒன்று சொன்னார். எங்கள் தாலுகா சில வருஷங்களுக்கு முன்வரை திருச்சி ஜில்லாவோடு இருந்தது. பிறகுதான் சேலத்தோடு சேர்த்தார்கள். ஓடத்தை எங்களுக்கு விற்றவர் பேரில் இருந்த பழைய பதிவு திருச்சிக் காகிதங்களில் இருக்கலாமாம். அது வராமல் எங்கள் பதிவே சரியா என்று பார்க்க வேண்டுமாம். அது எப்போது வரும் என்று கேட்டேன். "எழுதணும்" என்றார். எழுதிவிட்டீர்களா என்றேன். "நீங்க மனு கொடுத்தா எழுதுவோம்" என்றார். மனுவை யார் பேரில் கொடுப்பது என்றேன். "சொந்தக்காரர் பேர்ல" என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல இருந்தது.

என் தகப்பனார் சேலத்தில் தமக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டார். அவர் இரண்டு வழி சொன்னார். எனக்கு இரண்டுமே பயமாக இருந்தது. ஓடம் என்பது நிலமல்ல, எடுத்துக்கொண்டு போகிற சாமான். அதை மைனருக்காகத் தகப்பன் விற்று, கச்சேரியில் கையெழுத்துப் போட்டால் பேர் மாறிவிடும், திருச்சிக் காகிதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தகப்பன் உயிரோடிருக்கையில் தாய் கையெழுத்துச் செல்லாது. தாய்தான் விற்க வேண்டும் என்றால் ஜில்லா கோர்ட்டில் மனுப்போட்டு, அவளைக் கார்டியனாக நியமிக்கச் சொல்லி, விற்பதற்கு உத்தரவு வாங்க வேண்டும்.

"வாங்கிக்கலாமுங்களே" என்றேன்.

வக்கீல் சொன்னதை அப்பா அப்படியே சொன்னார். "ஜட்ஜ் கேப்பாராம் சாமி, இந்த ஓடத்தை விக்கறதுனால மைனருக்கு என்ன நன்மைன்னு. தகப்பன் இருக்கறப்ப தாய் எதுக்குன்னும் கேப்பாராம். என்னன்னு சொல்லுவே?"

என்ன சொல்வது? பிள்ளை பேரில் ஓடம் இருந்தால் பிள்ளை ஆற்றுக்குப் போகிறான் என்றா? போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார். அவருக்குக் கண்டம் என்றா? கச்சேரியில் சிரித்தது போதாதா?

இப்படியே மாதங்கள் போயின. மோகனூர்க்காரர் பொறுமையான மனிதர்தான், ஆனால் அவருக்கும் வாழை வெட்ட வேண்டியிருந்தது. ஒரு நாள் வந்து சங்கடத்தோடு சொன்னார்: "காயிதம் வாரப்ப வரட்டுமுங்க. நம்ம மொறைப்படி கயித்தை மாத்திக்குடுங்க, நான் ஓட்டிக்கிட்டுப் போறேன். ஒறம்பரை, சொந்தபந்தத்துக்குள்ள என்னத்துக்குக் கச்சேரி?"

எனக்கு அது பெரிய விடுதலையாகப் பட்டது. ஓடம் எங்கள் கரையில் இல்லாமல் போனாலே போதும். சரி என்றேன். அதன்பிறகுதான் நினைவு வந்தது: முறைப்படி என்றால், தண்ணீரில் கால் வைத்து நின்று கயிற்றை அவிழ்த்துக் கொடுக்கவேண்டியவன் சொந்தக்காரன். என் பையன்.

"நான் அவனைத் தூக்கிக்கிட்டு நிக்கறேன், கயித்தை நானே அவுத்துக் குடுக்கறேனுங்க" என்றேன்.

"அது ஆகாதுங்க. வாங்குனப்ப கயித்தைப் புடிச்சது அவன் கை" என்றார் மாமியார். "காலு தண்ணியில படோணும். நீயும் நானும் பக்கத்துல நிக்கலாம்."

எந்தத் தண்ணீரிலிருந்து அவனை விலக்க இத்தனை பாடுபட்டேனோ அதே தண்ணீரில் அவனை நானே இறக்கிவிட வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று எண்ணினேன். சொன்னால் ஓடம் இங்கேயே நிற்கும். அணையில் தண்ணீர் நிறுத்தியிருந்த சமயம் பார்த்து ஒரு காலைப்பொழுதில் போனோம். கரையோரம் அவனுடைய கணுக்காலுக்குத்தான் இருந்தது. அவன் புதுச் சொக்காய் போட்டுக்கொண்டு வெகு குஷியாக வந்தான். கயிற்று முடிச்சை மோகனூர்க்காரர் தளர்த்திக் கொடுக்க, அவனே இழுத்து அவிழ்த்தான். எல்லோரும் மெச்சினார்கள்.

"இப்பக் குடுங்க சாமி" என்று மோகனூர்க்காரர் கையை நீட்டினார்.

பையன் கயிற்றை மார்போடு சேர்த்துக்கொண்டான். "குடுக்க மாட்டேனுங்க."

"வேணும்னப்ப வாங்க, நான் உங்களை ஏத்திக்கிட்டுச் சுத்திக் காட்டறேன்."

"நாந்தான் உங்களை ஏத்திக்கிட்டுப் போவேன். என்ற ஓடம்."

வெல்லம் தருவதாகச் சொன்னார்கள். கன்றுக்குட்டியைத் தருவதாகச் சொன்னார் அவன் தகப்பனார், கரையில் எட்ட நின்றுகொண்டு. எதற்கும் மசியவில்லை. அதற்குள் அவிழ்ந்த ஓடம் மெல்லத் திரும்பத் தொடங்கியது. கயிறு அவன் கையில் இழுபட்டது. அவன் ஓரடி முன்னே போனான், முழங்காலுக்குத் தண்ணீர் வந்தது. நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கயிற்றை மோகனூர்க்காரர் கையில் திணித்தேன். பையன் அலறிய அலறல் அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

மோகனூர்க்காரர் ஓடத்தைக் கரைக்கு இழுத்து நிறுத்தினார். பிறகு மாமியாரைப் பார்த்து, "புள்ளை மனசாரக் குடுக்கலீங்களே" என்றார்.

மாமியார் பையனைத் தூக்கிக் கண்ணைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஓடத்தை ஓட்டிக்கொண்டுதான் போனார். ஆனால் அந்தச் சொல் அவர் மனதில் தங்கிவிட்டது. சில வாரம் கழித்து வந்தபோது, "மொறையில ஒரு கொறை ஆகிப்போச்சுங்க. அதுக்குக் காயிதமாச்சும் சரியா இருக்கோணும்" என்றார். எந்தக் காகிதம் உறவுக்குள் தேவையில்லை என்றாரோ, அதே காகிதம் இப்போது அவருக்குக் கட்டாயமாகிவிட்டது. என் அவசரத்தால் வந்தது இது. நான் விரலைப் பிரிக்காமல் இருந்திருந்தால் பையனே ஒரு நிமிஷத்தில் சலித்துப்போய்க் கொடுத்திருப்பானா? இல்லை, இன்னும் ஓரடி உள்ளே போயிருப்பானா? யாரும் சொல்ல முடியாது.

ஆக, முறைப்படியும் ஓடம் அவனுடையது, சட்டப்படியும் அவனுடையது. ஓடம் மட்டும் மோகனூரில் இருக்கிறது. அணையில் தண்ணீர் அதிகம் விடும்போதெல்லாம் தலையாரி எங்கள் வாசலுக்கு வந்து என் மகன் பேரை உரக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார். ஓடத்தை மேட்டில் ஏற்றிக் கட்டச் சொல்லிக் கச்சேரி உத்தரவு. பதிவில் அவன் பேர்தானே இருக்கிறது. விளையாடிக்கொண்டிருப்பவன் ஓடி வந்து, "வாரேனுங்க" என்று முன்னால் நிற்கிறான். தலையாரிக்குச் சிரிப்பு. நான் ஒவ்வொரு தடவையும் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறேன். கண்ணுக்கெட்டாத தூரத்தில், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு அந்த ஓடம் போகிறதோ. கல்யாணக் கூட்டத்தை ஏற்றினார்கள் என்றும் கேள்விப்பட்டேன். ஏதாவது நடந்தால் எந்தப் பேரைக் கூப்பிடுவார்கள்?

இப்போது மோகனூர்க்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். இந்த வருஷம் அணை திறக்குமுன் அனுமதி அவர் பேருக்கு மாறவேண்டும். இல்லாவிட்டால் ஓடத்தைக் கொண்டுவந்து பழையபடி எங்கள் தோட்டத்துக் கரையிலேயே கட்டிவிட்டுப் போய்விடுவார். அவர்மேல் தப்பில்லை. ஓடம் திரும்பி வரப்போகிறது என்று யாரோ சொல்லி, பையன் தினமும் வரப்பில் போய் நின்று பார்க்கிறான். அவனை அங்கிருந்து இழுத்து வருவதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது.

மாமியாரிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். சத்தியத்திலிருந்து மகனை விடுவித்தால் எல்லாம் ஒரு கையெழுத்தில் தீர்ந்துவிடும் என்றேன். அவர் கோபப்படவில்லை. "உன்ற மாமனாரு பரிசல் ஏறறப்ப நான் தடுத்திருந்தா நின்னிருப்பாரு. தடுக்கல. அவ்வளவுதான் சாமி எனக்குத் தெரியும்" என்றார். பிறகு, பள்ளிக்கூடத்தில் சேர்க்குமுன் பேரனுக்கு ஜாதகம் எழுதிவிடலாம் என்று பேச்சை மாற்றினார். ஜாதகப் பேச்சு வந்தாலே எனக்கு ஏதாவது வேலை வந்துவிடுகிறது. இதுவரை ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டிருக்கிறேன். எழுதினால் அதில் என்ன வரும்?

போன வாரம் கணவர் தாமாகவே பேசினார். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"நீ போடச் சொல்லு, நாளைக்கே போய்க் கையெழுத்தைப் போட்டர்றேன். எனக்கு அந்தக் கண்டத்துல பெருசா நம்பிக்கையில்ல. தெனம் கெணத்துல எறங்கிக் குளிக்கறேனே, அது என்ன பாலா? அம்மாவுக்கு நான் சமாதானம் சொல்லிக்கறேன். ஆனா நீ வாயால சொல்லோணும். நானா செய்யமாட்டேன்."

இப்படி எல்லாம் என் வாயில் வந்து நிற்கிறது. வாங்கும்போது யாரும் என் வாயைப் பார்க்கவில்லை. என் கையெழுத்தைத்தான் பார்த்தார்கள். இப்போது கையெழுத்துச் செல்லாது, வாய் மட்டும் செல்லும் என்கிறார்கள். 'போடுங்கள்' என்று நான் சொல்லி, அவர் சத்தியத்தை மீறிப் போட்டு, பிறகு என்றைக்காவது ஆற்றுப் பக்கமிருந்து ஒரு சேதி வந்தால், நான் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பேன்? 'வேண்டாம்' என்று சொல்லி, ஓடம் திரும்பி வந்து, அதே சேதி என் பிள்ளையைப் பற்றி வந்தால்? படித்தவள் இதையெல்லாம் யோசிக்கலாமா என்று என் கூடப் படித்தவர்கள் கேட்பார்கள். அவர்கள் சேலத்தில் இருக்கிறார்கள். இந்தத் தண்ணீரைப் பார்த்ததில்லை.

இதை வாசிக்கும் உங்களிடம் இரண்டு கேட்கிறேன். சட்டம் தெரிந்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், தகப்பன் கை வைக்காமல் மைனர் பேரிலிருந்து ஓர் ஓடத்தை மாற்ற வேறு வழி உண்டா என்று தயவுசெய்து விசாரித்துச் சொல்லுங்கள். அப்படி ஒரு வழி இல்லை என்றால், பிள்ளை பெற்றவர்களாக எனக்குச் சொல்லுங்கள்: என் இடத்தில் நீங்கள் இருந்தால், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நிற்கிற அந்த மனிதரிடம் போய் என்ன சொல்வீர்கள்? அணை திறப்பதற்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. அதற்குள் சொல்லுங்கள்.